இருவர் தூக்க வேண்டிய தாள்

1909ஆம் ஆண்டு, பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் வேலை பார்த்த நாகையாவின் வீட்டுத் தரையில் விழுந்த ஒரு தாளை ஆறு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. அது சூளைக் கம்பெனி கொடுத்த குற்றச்சாட்டுத் தாள். கைநாட்டு வைத்து ஏழு நாளில் அவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் வேலையும் போகும், கம்பெனி கொடுத்த வீடும் போகும். அவர் கைநாட்டு வைத்ததும் தாள் கனத்துக் கீழே விழுந்தது. மாடு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். கயிறுதான் அறுந்தது.

தாளில் இருந்தது ஒரே வரி: நாகையா துரையோடு ஆல்டர்கேட் செய்தார். அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு அங்கே யாருக்கும் பொருள் தெரியவில்லை. நடந்தது என்ன? "சூளைச் சுவரு வெடிச்சிருக்கு தொரே, உள்ள ஆள விடாதீங்க" என்றார் நாகையா. சூளையை நடத்திய வெள்ளைக்காரத் துரை பளாரென்று அறைந்தான். நாகையா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அடித்தவனுக்கு ஒன்றுமில்லை, அடி வாங்கியவருக்குக் குற்றச்சாட்டு! இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

ஆறாம் நாள், தாளை எழுதிய கம்பெனிக் குமாஸ்தா, கிராணி கிரிகரி, மனம் கேட்காமல் அகராதியோடு வந்து வாய்விட்டுப் படித்தார். இருவர் ஒருவரோடொருவர் காரசாரமாக வாக்குவாதம் செய்வதுதான் ஆல்டர்கேட். கோர்ட்டிலும் அறிக்கையிலும் எழுதுகிற சொல், வீட்டில் யாரும் பேசுவதில்லை. நாகையாவின் மனைவி புஷ்பவல்லி கையில் அகப்பையோடு வெளியே வந்தார்.

"ரெண்டு பேரு பண்றதுன்னா ஒருத்தருக்கு மட்டும் எதுக்குத் தாளு, கிராணியாரே? ஒரு கை தட்டுனா ஓசை வருமா? இன்னொரு முனைய அந்தத் தொரைய வந்து புடிக்கச் சொல்லுங்க!"

கிரிகரி அப்படியே போய்ச் சொன்னார். துரை சிரித்தான். ஏழாம் நாள் ஆட்களோடு வந்து சட்டிபானையைத் தெருவில் எறிய வைத்தான். கம்பெனித் தாளை விட்டுப் போகக்கூடாதென்று அவனே குனிந்து ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை நாகையா பிடித்தார். தாள் லேசாக எழும்பியது. ஒருவர் விட்டாலும் கனத்துக் காலில் விழும் என்று இருவருக்கும் தெரிந்தது. துரையும் கூலியும் ஒரே தாளைப் பிடித்தபடி கம்பெனி ஆபீசுக்கு நடந்தார்கள். வேடிக்கை பார்க்கச் சூளை ஆட்கள் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அப்போதுதான் வெடித்திருந்த அந்தச் சூளைச் சுவர் இடிந்து விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை.

சட்டிபானைகள் வீடு திரும்பின. கம்பெனியார் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார்கள். அறைந்ததற்கு மட்டும் ஒரு வார்த்தை மன்னிப்பு வரவில்லை. அதன் பிறகு ஆல்டர்கேட் என்ற சொல்லை எழுத நேர்ந்தபோதெல்லாம் கிரிகரி இருவர் பெயருக்கும் ஆளுக்கொரு தாள் எழுதினார். அவை சாதாரணத் தாளின் எடைதான் இருந்தன.