வண்டி நிற்கும்வரை

கிருத்திகாவின் அம்மா அமுதவல்லி இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகு, அத்தை முத்தாயம்மாள் வெள்ளைத்துணியை நீளமாகக் கிழித்தாள். அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். கிருத்திகா பிடித்தாள். விரல்களில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அத்தை முடிச்சை இறுக்கும்போது கட்டில்மேல் கிடந்த கைபேசி அதிரத் தொடங்கியது.

ஸ்பெயினிலிருந்து அண்ணன் கௌசிக்.

யாரும் அதைத் தொடவில்லை. வாசலில் நின்றிருந்த அப்பா தங்கமுத்து உள்ளே வந்தார்.

"எடுத்துப் பேசு."

"என்னங்கப்பா சொல்றது?"

"ஒண்ணுஞ் சொல்லாத. கார் ஓட்டிக்கிட்டிருப்பான். கொழந்தை வேற இருக்குது."

"எடுக்காம உட்டுட்டா?"

"பதறுவான். பதறிக்கிட்டு ஓட்டறதுக்கு, நீ எடுத்தே பேசிரு. நான் பேசுனா கண்டுபிடிச்சுப்போடுவான்."

தங்கமுத்து பாதி ஆயுசை லாரியில் கழித்தவர். ஸ்டியரிங்கில் இருப்பவனிடம் சாவு சொல்வதில்லை. புதுச்சத்திரத்தில் லாரி நின்ற எந்த வீட்டிலும் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா செத்த அன்று நாக்பூரில் லோடு இறக்கி, அவரைக் குளிக்க வைத்து, சாப்பிடவும் வைத்த பிறகுதான் கிளீனர் வாயைத் திறந்தான். வண்டியை ஓரமாக நிறுத்து என்று போனில் சொல்லவும் முடியாது. இந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வாக்கியத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

கிருத்திகா எடுத்தாள்.

"ஏம்பாப்பா இத்தன நேரம்? நாங்க கெளம்பி வந்துக்கிட்டிருக்கறோம். ரோட்டுல ஈ காக்கா இல்ல. நூத்தியிருவதுல போறேன்."

"மெதுவாப் போங்ணா."

"அட, இங்க இதான் மெதுவு. அம்மா என்ன பண்ணுது?"

"தூங்குதுங்ணா."

பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. கல்லூரி வைவா தேர்வில் தெரிந்த விடையையே சொல்ல முடியாமல் நின்றுவிட்டு வந்தவள் அவள்.

அண்ணன் இப்போது போகும் இந்தப் பயணம் உண்மையில் அம்மாவோடு சேர்ந்து போட்ட திட்டம். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போவது, ஒருநாள் கப்பலேறி மொராக்கோவில் டான்ஜியர் கடைவீதியைச் சுற்றிவிட்டு வருவது என்று போன வருடம் முழுக்கப் பேசினார்கள். "காத்தால போயிட்டுப் பொழுதோட வந்தர்லாம்னா, சேலத்துக்குத் துணியெடுக்கப் போறாப்பலதான?" என்றாள் அம்மா. கட்டுச்சோற்றைக் கப்பலில் விடுவார்களா என்பதுதான் அவளுடைய பெரிய சந்தேகம். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போயின. அதன்பின் அண்ணன் பேசுவான். கிருத்திகா கைபேசியை அம்மாவின் காதில் வைத்து, கண் அசைவதைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

"தூங்குனாலும் பரவால்ல, காதுல வையி. கப்பல்ல ஏறிட்டா டவர் இருக்காது."

அவள் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் காதருகே வைத்தாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, இங்கத்த நேரம் பத்து மணிக்குக் கப்பல். ஒரு மணி நேரந்தான், ஆப்பிரிக்கா வந்துரும். உனக்குச் செருப்பு வாங்கறேன். தோல்ல பண்ணுனது, மெத்துனு இருக்குமாம். ஊட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு நடந்து பழகலாம்."

"அப்பத்தா! ஒட்டகம் கப்பல்ல வருமா?" அண்ணன் மகள் யாழினி பின்சீட்டிலிருந்து கத்தினாள்.

"வராது. உன்னத்தான் ஒட்டகத்துகிட்ட உட்டுட்டு வரப்போறோம்" என்றது அண்ணி நித்யஸ்ரீயின் குரல்.

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. பனமரத்துப்பட்டியிலிருந்து சித்தியும் இன்னும் மூன்று பெண்களும். இறங்கும்போதே சித்தி குரலெடுத்தாள். "அக்கா..." என்று ஓர் இழுப்பு. தங்கமுத்து ஓடினார்.

"சத்தம் போடாதீங்க. பையன் வண்டியில இருக்கறான்."

ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"என்ன சத்தம் அங்க?"

"பக்கத்து ஊட்டு டிவிங்ணா."

"செரி, அம்மா கால் அளவு சொல்லு. அங்க போயி முழிக்கப்படாது."

"இப்பவா?"

"இப்பத்தான். முழிச்சிருந்தா கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கும்."

தையல் மிஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். அத்தை முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள். கிருத்திகா வேண்டாம் என்று தலையசைத்தாள். குதிகாலில் டேப்பின் நுனியை வைத்து, கட்டிய துணிக்கு மேலாக இழுத்தாள். பாதம் இப்போது குளிரத் தொடங்கியிருந்தது.

"ஒம்பது இஞ்சுங்ணா."

"வீக்கம் வடிஞ்சிருச்சா அப்ப?"

"வடிஞ்சிருச்சு."

"நல்லது. என்ன கலரு?"

அவள் பெண்களைப் பார்த்தாள். சித்தி தன் சேலையின் கரையைத் தொட்டுக் காட்டினாள்.

"அரக்குங்ணா. நிறுத்துனதும் கூப்பிடுங்க. கப்பல் ஏறறதுக்கு முன்னால."

"ஏன், உனக்கும் வாங்கோணுமா?"

"ஆமாங்ணா."

அழைப்பு முடிந்ததும் பெரியப்பா காளியண்ணன் நடையில் நின்று கேட்டார். "ஐஸ் பெட்டிக்குச் சொல்றதா, மூணு மணிக்கே எடுத்தர்றதா? பையன் வரானா இல்லியான்னு தெரியோணுமில்ல?"

"வண்டி நிக்கட்டுங்ணா" என்றார் தங்கமுத்து.

"கப்பல்ல ஏறிப்போயிட்டான்னா? எடுத்த பின்னாலதான் அவனுக்குத் தெரியும் பாத்துக்க."

வேப்பமரத்தடியில் கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே யாரோ ஒருவர் காதில் சொல்லி உள்ளே அனுப்பினார். வீடு நிறைந்தது. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

பன்னிரண்டே முக்காலுக்கு, அண்ணன் ஊரில் காலை ஒன்பதேகாலுக்கு, கைபேசி அதிர்ந்தது.

"வந்துட்டோம் பாப்பா. பார்க் பண்ணிட்டுக் கியூவுல நிக்கறோம். உனக்கென்ன வேணும், வெரசாச் சொல்லு."

"யாழினி யார்கிட்ட இருக்குது?"

"நித்யாகிட்ட. ஏன்?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

"அண்ணா, அம்மா போயிருச்சுங்ணா."

"எங்க போச்சு? மறுக்கா ஆஸ்பத்திரிக்கா? தூங்குதுன்ன?"

அவனுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஏதோ ஒரு மொழியில் ஒலிபெருக்கி அறிவித்தது. கியூ நகர்ந்திருக்க வேண்டும்.

"கிருத்தி, எந்த ஆஸ்பத்திரி? கேக்கறனில்ல?"

"ஆஸ்பத்திரிக்கு இல்லீங்ணா" என்றாள். தன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்பது அவளுக்குத் தெரிந்தது. "அம்மா செத்துப்போச்சு."