சீட்டு ஒட்டாத பாட்டில்

அந்த அலுவலகக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர்களுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். உங்கள் கழிப்பறைத் தரையில் முகம் பார்க்கலாம் என்று மேலாளர் எப்போதோ சொன்னதை வீட்டில் நூறு முறையாவது சொல்லிக் காட்டியிருப்பாள்.

ஆசிட் இனி வேண்டாம் என்று நிர்வாகம் நிறுத்தி ஆறு மாதமாகிவிட்டது. பதிலாக வந்த திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "இது பல்லு புடுங்கின பாம்பு" என்று கேலி செய்தாள். மிச்சமிருந்த ஆசிடைக் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றி, மூன்றாம் மாடிச் சாமான் அறையில் துடைப்பங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சீட்டு ஒட்டாத பாட்டிலைத் தொடவே கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவளும் அவள்தான்.

அன்று காலை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மூன்றாம் மாடிக் கழிப்பறைக் கோப்பையில் மஞ்சள் கறை. அவசர அவசரமாக ஆசிடை ஊற்றினாள். தண்ணீர் விடுவதற்குள் கீழேயிருந்து மேலாளர் கூப்பிட, அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த மாடியைச் சுத்தம் செய்பவள் அவளுடைய நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். நாத்தனார் வழக்கம்போல வந்து, அதே கோப்பையில் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினாள்.

இருமல் சத்தம் மாடிப்படி வரை கேட்டது. அண்ணி ஓடிப்போய்ப் பார்த்தபோது நாத்தனார் கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்தபடி சரிந்து கிடந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. அவளை இழுத்து வந்து திறந்த பால்கனியில் உட்காரவைத்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் அண்ணியிடம் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"என்ன கலந்தாங்க?"

"எப்பவும் போடற ப்ளீச்சிங்தான் டாக்டர்."

"அது மட்டும்னா இவ்வளவு ஆகாதே?"

அவள் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் மேலாளர் நின்றிருந்தார். "நீங்க சொல்லிக் கொடுக்கலையா?" என்றார்.

"சொன்னேன் சார். காதுல வாங்கினாத்தானே?"

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. நாத்தனார் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே பேசினாள்.

"அண்ணி மேல... தப்பில்ல சார். நான்தான்... கவனிக்காம ஊத்திட்டேன்."

அண்ணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. காட்டிக் கொடுத்தவளைக் காப்பாற்ற, மூச்சு விட முடியாதவள் மூச்சைச் செலவழிக்கிறாள்.

"ஆசிட், டாக்டர்" என்றாள். "கோப்பையில நான்தான் ஊத்தி வெச்சிருந்தேன். அவளுக்குத் தெரியாது."

டாக்டர் கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார்: "முதல்லயே சொல்ல வேண்டியதுதானேம்மா? ரெண்டும் சேர்ந்தா விஷவாயு. மூச்சுத் திணறல் போகப் போகக் கூடலாம். கொஞ்ச நேரத்துல வீட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தேன்."

மேலாளர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாத்தனார் மூன்று நாள் அங்கேயே இருந்தாள். இரண்டாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்த பாட்டில் அங்க இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. தண்ணின்னு நெனச்சு ஒரு நாள் வாய் வரைக்கும் கொண்டுபோயிட்டேன். நெடி அடிச்சதும் வெச்சுட்டேன்."

"ஏண்டி சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் உங்களத் திட்டுவாங்கல்ல."

கரண்டி கையிலேயே நின்றது. அவளால் அழக்கூட முடியவில்லை. அழுதால் நாத்தனார் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும்.

மேற்பார்வையாளர் பதவி போயிற்று. இப்போது அவளும் மற்றவர்களைப் போல ஒரு மாடியைக் கூட்டித் துடைக்கிறாள். அந்த மஞ்சள் கறை புதிய திரவத்திலேயே இரண்டு நாளில் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து நாத்தனார் வேலைக்குத் திரும்பினாள். படியேறினால் இன்னும் இருமுகிறாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, "வாங்க அண்ணி" என்று நகர்ந்து இடம் விடுகிறாள். அண்ணியும் போய் உட்காருகிறாள். ஆனால் சாப்பிட்டு முடியும்வரை சோற்றைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை.