பேரை மட்டும் சொல்லு

வலது கைப் பொத்தான் மாட்டுப்படவில்லை. ஜெசிதா சவப்பெட்டிக்குள் குனிந்து, தம்பியின் மணிக்கட்டைச் சற்றே தூக்கி, சட்டைக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பவும் முயன்றாள். ஜெரிசன் இருபத்துநாலு வயதில் ஒரு நாளும் விரும்பி முழுக்கைச் சட்டை போட்டதில்லை. வெக்கை என்பான். ஒரு வருடத்துக்கு முன்தான் போடத் தொடங்கினான். இன்றைக்கும் முழுக்கைதான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"விடு பிள்ளை. காணும்," என்றாள் அம்மா சின்னத்தங்கம். இரண்டு நாள் அழுகையில் அவளுக்குக் குரலே போய்விட்டிருந்தது.

வெளியே பந்தலுக்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"கொலின்ஸ் இந்த ஒழுங்கைக்குள்ளை கால் வைச்சானெண்டா, நான் மனிசனா இருக்கமாட்டன்."

சூசைதாசன் காலையிலிருந்து மூன்றாவது தடவையாக இதைச் சொல்கிறார். அவர் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்தால் வலையோடு மட்டும்தான் கதைப்பார் என்று குருநகரில் பகிடி சொல்வார்கள். ஆனால் கொலின்ஸின் பெயர் வந்தால் அவருக்குக் குரல் உயர்ந்தது. ஜெரிசனும் கொலின்ஸும் ஒரே நாளில் கோயிலில் முதல் நன்மை எடுத்த கூட்டாளிகள். முந்தநாள் பின்னேரம், மூச்சில்லாமல் கிடந்த ஜெரிசனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய், ஆசுபத்திரி வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு ஓடியவன் அந்தக் கொலின்ஸ்தான். அதற்கும் முதல், பதினொரு மாதத்துக்கு முன், ஜெரிசனைப் பொலிசுக்குக் காட்டிக் கொடுத்தவனும் அவன்தான் என்று ஊர் சொன்னது. அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

ஜெசிதா பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

எமில்ராஜ் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஏழெட்டுப் பெடியங்களின் கைகளில் தடியில் அடித்த மட்டைகள். வாசலில் வைத்துப் பேப்பரைக் கழற்றியபோது எழுத்து தெரிந்தது. 'தூளுக்குத் தூக்கு.' இன்னொன்றில், 'இன்று ஜெரிசன், நாளை யார்?'

மாஸ்டர் ஜெசிதாவுக்கு ஆறாம் வகுப்பில் கணிதம் படிப்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊரின் போதை ஒழிப்புக் குழுவுக்குத் தலைவர். அவருடைய தமக்கையின் மகனும் இப்படித்தான் போனவன். அவருடைய கோபம் பொய்க் கோபம் இல்லை.

"சூசை," என்று அப்பாவின் தோளில் கை வைத்தார். "உன்ரை பெடியன் வீணாச் செத்ததா இருக்கக் கூடாது. பெட்டிக்கு முன்னாலை இதுகளைப் பிடிச்சுக்கொண்டு நடப்பம். பத்திரிகைக்காரரும் வருவினம்."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி ஓம் என்று தலையை ஆட்டினார்.

சுவிசிலிருந்து முந்திய கிழமைதான் வந்திருந்த சித்தப்பா பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தார். "மாஸ்டர், கோவிக்காதையுங்கோ. அங்கை இதைப் பாவிக்கிறவனை நோயாளியாத்தான் பாக்கினம். மருந்து குடுக்கினம். போத்துக்கல் நாட்டிலை கையிலை கொஞ்சம் வைச்சிருந்தாலும் மறியலிலை அடைக்கிறேல்லை."

"அங்கத்தைய கதையை அங்கை வைச்சுக்கொள்ளுங்கோ. இஞ்சை அவிட்டு விட்டா வீட்டுக்கு வீடு பெட்டி அடிக்க வேண்டி வரும்."

"இப்ப அவிட்டே விட்டிருக்கு? அப்ப இது என்ன பெட்டி?"

பந்தலில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. மாஸ்டர் சித்தப்பாவைப் பார்த்தார். "விக்கிறவனை நாலு பேரைத் தூக்கிலை போட்டா மிச்சம் தானா நிக்கும். இந்தப் பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்தபடியாத்தான் பதினொரு மாசமாவது உயிரோடை இருந்தான்."

பிடிச்சுக் குடுத்தபடியால். ஜெசிதா குசினிக்குள் போனாள்.

பதினொரு மாதத்துக்கு முன், நண்டுக் கம்பனியில் வேலை முடிந்து வந்து ஜெரிசனின் தலையணையைத் தட்டியபோது தூள் சுட்டுக் கரி பிடித்த ஈயத்தாளும் ஒரு ஊசியும் விழுந்தன. அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லப் பயம். கேட்டபோது ஜெரிசன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "விட ஏலாமல் கிடக்கக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை," என்று அழுதான். மூன்று நாள் யோசித்துவிட்டு அவள் மாஸ்டரிடம் போனாள். போக வேறு இடம் அவளுக்குத் தெரியவில்லை.

"பேரை மட்டும் சொல்லு பிள்ளை," என்றார் மாஸ்டர். "எனக்குப் பொலிசிலை ஆளிருக்கு. வழக்கில்லாமல் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம். ஆறு மாசத்திலை பழைய தம்பியா வருவான். உன்ரை பேர் என்ரை வாயிலையிருந்து வராது. மாதா மேலை ஆணை."

அடுத்த நாள் விடியவே பொலிசார் வந்தார்கள். மெத்தைக்குக் கீழே சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. புனர்வாழ்வு இல்லை. வழக்கு, விளக்கமறியல், பிணையும் இல்லை. அவள் ஓடிப்போய்க் கேட்டபோது மாஸ்டர், "சட்டம் தன்ரை வேலையைச் செய்யும் பிள்ளை. என்ரை கையிலை என்ன இருக்கு?" என்றார். மறியலில் முதல் தடவை பார்க்கப் போனபோது ஜெரிசன் கம்பிக்கு அப்பால் நின்று, "கொலின்ஸாத்தான் இருக்கும் அக்கா," என்றான். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பார்சலைத் தள்ளிக் கொடுத்தாள்.

குசினிப் பின்கதவுக்கு வெளியே யாரோ செருமினார்கள். வேலிக் கிடுகை விலக்கிக்கொண்டு கொலின்ஸ் நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போறன் அக்கா. பேந்து அடிச்சாலும் பரவாயில்லை."

"அப்பா முன்னாலை இருக்கிறார். ஏலாது." அவள் வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். "ஏன்ரா வாசலிலை விட்டிட்டு ஓடினனி? அம்புலன்சுக்கு ஒரு கோல் எடுக்க மாட்டியே?"

"எடுக்கத்தான் போனிலை நம்பரை அடிச்சனான்." அவன் நிலத்தில் குந்தினான். "மறியலாலை வந்து ஒரு மாசம் தொடேல்லை அக்கா. அண்டைக்குத்தான் திரும்ப. பழைய அளவு போட்டான். உடம்பு தாங்கேல்லை. வாய் இழுபட்டு, சொண்டு நீலிச்சுக்கொண்டு வந்தது. நான் போனை எடுக்க, கையைப் பிடிச்சிட்டான். 'வேண்டாமடா, பொலிஸ் வரும். நான் திரும்ப அங்கை போகமாட்டன்' எண்டான். நானும் பயந்தனான். எனக்கும் ஒரு வழக்கு நிக்குது. நித்திரை கொண்டு எழும்புவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அரை மணித்தியாலம். அரை மணித்தியாலம் அக்கா."

வேலிக்கு அப்பால் யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளும் சத்தம்.

"நீதான் காட்டிக் குடுத்தனி எண்டு அவன் நினைச்சவன்," என்றாள் ஜெசிதா. சொன்ன பிறகுதான் ஏன் அதைச் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியது.

கொலின்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"முதல் நினைச்சவன்தான். பிறகு இல்லை. மறியலாலை விட்டு வந்த கிழமையே மாஸ்டர் கூப்பிட்டுப் புத்தி சொன்னவராம். 'உன்ரை அக்கா என்னட்டை வந்து அழுது சொன்னவள். அப்பிடிப்பட்ட அக்காவுக்காகத் திருந்து' எண்டு."

ஜெசிதா அவனுக்கு முன்னால் குந்தினாள்.

"என்னட்டை அவன் ஒண்டும் கேக்கேல்லை."

"நான் சொன்னனான், போய்க் கேளடா எண்டு. 'கேட்டா அவள் அழுவாள்' எண்டான்."

ஒரு மாதம். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறான். குழம்பில் நண்டுக்கால் எடுத்து அவளுடைய சோத்துக் கோப்பையில் போட்டிருக்கிறான். ஒரு நாள் சம்பளம் பிந்துகிறது என்று அவள் புறுபுறுத்தபோது சிரித்திருக்கிறான். எல்லாம் தெரிந்துகொண்டே.

கொலின்ஸ் வந்த வழியே போனான். முன்பக்கத்தில் சுவாமியார் வந்துவிட்டார். செபம் முடிந்து பெட்டி மூடும் நேரம் அம்மா கத்திய சத்தத்தில் குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது. பெட்டியை ஒழுங்கைக்குக் கொண்டு வந்தபோது பெடியங்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் ஒரு மட்டையை அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை வாங்கினார், வாசிக்கவில்லை.

ஜெசிதா பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுகளைக் கொண்டு போங்கோ மாஸ்டர்."

"பிள்ளை, நீ துக்கத்திலை கதைக்கிறாய்."

"அவன் பொலிசுக்குப் பயந்துதான் செத்தவன். அம்புலன்சைக் கூப்பிட விடேல்லை. நீங்கள் இன்னும் பயப்படுத்தச் சொல்லி எழுதிக்கொண்டு வந்து நிக்கிறியள்."

"ஆர் சொன்னது? அந்தக் கொலின்ஸோ?" அப்பா தலையைத் தூக்கினார். "காட்டிக் குடுத்த நாய் சொல்லுறதை..."

"காட்டிக் குடுத்தது கொலின்ஸ் இல்லை அப்பா."

ஒழுங்கை முழுவதும் ஆட்கள். பாண்ட் வாத்தியக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார்.

"நான்தான் மாஸ்டரிட்டைப் போய்ச் சொன்னனான். வழக்கில்லாமல் சுகப்படுத்தித் தாறன் எண்டவர். நம்பினனான். நான்தான் அப்பா."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வரிசையில் ஒரு பெடியன் மட்டையை மதிலில் சாய்த்து வைத்தான். இன்னொருவன் அவனைப் பார்த்துத் தானும் வைத்தான். மற்றவர்கள் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

அப்பா மகளைப் பார்த்தார். கையிலிருந்த மட்டையை நிலத்தில் வைத்துவிட்டு, பெட்டியின் முன்பிடியைப் பிடிக்கப் போனார். அவளைத் தாண்டும்போது, தெருவில் முன்பின் தெரியாத பெண்ணுக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நடந்தார்.

சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவே வெயில் தணியவில்லை. குழியைச் சுற்றி மணல் சரிந்துகொண்டிருந்தது. வயதானவர்கள் குனிந்து விழுந்துவிடுவார்கள் என்று சூசைதாசன் தானே குவியலருகில் நின்று, வருகிறவர்களின் கையில் ஒவ்வொரு பிடி மண்ணாக அள்ளிக் கொடுத்தார். சித்தப்பாவுக்குக் கொடுத்தார். அயலவர்களுக்குக் கொடுத்தார். எமில்ராஜ் மாஸ்டர் வந்து கையை ஏந்தினார், அவருக்கும் கொடுத்தார். மாஸ்டர் அதைக் குழிக்குள் போட்டுவிட்டு, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு விலகினார்.

அடுத்தது ஜெசிதா. அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

அப்பாவின் பிடிக்குள் மண் இருந்தது. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு விரல்களைத் திறந்து, மண்ணைக் குவியலிலேயே விழ விட்டு, கையைத் தட்டிக்கொண்டு அம்மா நின்ற பக்கமாகப் போனார்.

பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஜெசிதா முழங்காலை மடித்து, தானே ஒரு பிடி அள்ளினாள். மண் சூடாக இருந்தது.