நாற்பத்தேழாவது ஆள்

நாற்பத்தேழு என்றால் அதில் ஒன்று நான், என்னைக் கழித்தால் நாற்பத்தாறு, எதிர்த்தவர்களும் நாற்பத்தாறு, சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது என்று பொருள், அப்படியானால் இது ஜெயித்தது ஒரு காபி பாய்லரால்தான்... இல்லை, பொறு, வரிசையாக யோசி. கூட்டத் தலைவர் லைல் விட்கோம் மேடையில் நின்று, "ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க, எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது" என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் உட்கார்ந்துதான் இருந்தேன், அது உறுதி, நோட்டுப் புத்தகம் மடியில், இரண்டு கால்களும் தரையில். அப்போதுதான் சுவரோரம் மேசைமேல் இருந்த பாய்லர் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக் காபியைக் கக்க ஆரம்பித்தது. இந்த வருட ஊர்க்கூட்டத்தில் காபி என் பொறுப்பு. ஓடினேன், சுவிட்சை அணைத்தேன், துணியால் மேசையைத் துடைத்தேன், நிமிர்ந்தால் ஓட்டு எண்ணுகிறவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் விரலை நீட்டிக்கொண்டே வருவார்கள், இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது வழக்கம். இரண்டு விரல்களும் என்மேல் ஒரு நொடி நின்று கடந்துபோயின. நான் சொல்லியிருக்க வேண்டாமா, நான் ஓட்டுப் போடவில்லை, காபி துடைக்கிறேன் என்று? வாயைத் திறந்தேன்தான். கையிலிருந்த துணி சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது, எல்லாரும் அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள், அது ஏதோ தேவாலயம் மாதிரி இருந்தது, மூடிவிட்டேன்.

அப்பா பார்த்தாரா? அதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அப்புறம். அப்பா நான்காவது வரிசையில், சுவரை ஒட்டிய நாற்காலியில், ஒவ்வொரு மார்ச் மாதமும் அதே நாற்காலியில். இங்கிருந்து அவர் பிடரி மட்டும் தெரிகிறது, முழங்கால்மேல் தொப்பி இருக்கும், எழுந்து நிற்கும்போது மட்டும் அதை நாற்காலியில் வைப்பார். எதிர்க்கிறவர்கள் எழுந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை, பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், நாற்காலிச் சத்தம் மட்டும் கேட்டது, அதில் அவருடையதும் ஒன்று. ஆனால் அதற்கு முன்பு நான் நின்றதை அவர் பார்த்திருந்தால்? மூன்று வாரங்களுக்கு முன்னால், கூட்ட அறிவிப்பில் இருபத்திரண்டாம் எண் தீர்மானத்தைப் படித்துவிட்டு, வாஷிங்டனில் காங்கிரஸ் சபை ஓட்டெடுத்துப் போர் அறிவிக்காத இடத்திலிருந்து நம் படைகளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்ற அந்த நான்கு வரிகளைப் படித்துவிட்டு, அவர் தோசைக்கல்லில் அப்பம் புரட்டிக்கொண்டே சொன்னார், "நம்ம புள்ள அங்க வெயில்ல நிக்கறான், இவங்க இங்க காபி குடிச்சிக்கிட்டு எழுந்து நிப்பாங்களாம். எவன் எவன் நிக்கறான்னு பாத்து வெச்சுக்கறேன்." காபி குடித்துக்கொண்டு என்றுதான் சொன்னார், நான் இப்போது ஜோடிக்கவில்லை. நம்ம புள்ள என்றால் ரெமி, என் அண்ணன், எங்கள் வெர்மான்ட் மாநிலத் தேசியக் காவல் படையில் இருக்கிறான், அங்கே அனுப்பி ஏழு மாதமாகிறது. அந்த ரெமி அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தான், சத்தமே இல்லாத குரலில், "கோலெட், எங்களை எதுக்கு இங்க வெச்சிருக்காங்கன்னு எங்க கேப்டனுக்கே தெரியல. அந்தத் தீர்மானம் ஜெயிச்சா நல்லாத்தான் இருக்கும். அப்பாகிட்ட சொல்லிடாத, தாங்க மாட்டார்." சொல்லவில்லை. மேசைக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் நான், நடுவில் மேப்பிள் பாகுப் புட்டி, இருபத்தோரு நாள் சொல்லவில்லை. நின்றால் அப்பாவுக்குத் துரோகம், எதிர்த்து நின்றால் ரெமிக்குத் துரோகம், அதனால் நோட்டில் எழுதிவைத்தேன்: எண் 22, இரண்டு தடவையும் உட்கார்ந்திரு. அடிக்கோடும் போட்டேன். திட்டம் போடுவதில் நான் கெட்டிக்காரி, பாய்லரைத்தான் திட்டத்தில் சேர்க்கவில்லை.

விவாதம் முக்கால் மணி நேரம் ஓடியது, காலையில் பனி அள்ளும் வண்டி வாங்கும் பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனதோடு ஒப்பிட்டால் குறைவுதான். எங்கள் கூட்டத்தில் யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது, எதுவானாலும் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதனால் பாவம் லைல் முகத்தில் எல்லாருடைய வசவும் விழும். பழைய நூலகர் ப்ரூடன்ஸ் ஹாஸ்கெல்தான் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். அவர் உட்கார்ந்ததும் மரம் அறுக்கும் ஆலைக்கார டுவைட் பெல்கி எழுந்தார், எட்டடி தூரத்தில் இருக்கும் ப்ரூடன்ஸைப் பார்க்காமல், "தலைவரே, அந்தம்மாகிட்ட கேளுங்க, ஜனாதிபதிக்கு வர்ற ரகசிய அறிக்கையெல்லாம் இவங்க நூலகத்துக்கும் ஒரு பிரதி வருதா?" கூடம் சிரித்தது. ப்ரூடன்ஸ், "தலைவரே, பெல்கிகிட்ட சொல்லுங்க, நூலகத்துக்கு அரசியல் சட்டம் ஒரு பிரதி வந்துது. முப்பது வருஷமா அவர் அதை எடுத்துட்டுப் போனதா பதிவு இல்ல." அதற்கும் சிரிப்பு, இந்தப் பக்கத்திலிருந்து. "தலைவரே, அவங்க ஆளு ஜனாதிபதியா இருந்து குண்டு போட்டப்ப இந்தம்மா எங்க போனாங்க? ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தாங்க, நான் பாத்தேன்!" "தலைவரே, அப்ப அவருதான் இதே எடத்துல நின்னு காங்கிரஸ் ஓட்டுப் போடாம எப்படிப் போர்னு கத்தினாரு!" இரண்டும் உண்மை. நான் ஊர் எழுத்தர் அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் பழைய கூட்டக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுகிறேன், பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய மார்ச் மாதக் குறிப்பைப் போன வாரம்தான் அடித்தேன். அன்று பெல்கி சொன்ன வாக்கியத்தை இன்று ப்ரூடன்ஸ் சொன்னார், அன்று ப்ரூடன்ஸ் சொன்ன 'நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்' என்பதை இன்று பெல்கி சொன்னார், ஏறக்குறைய சொல் மாறாமல், சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி. எழுந்து அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும், ஒரு வேளை முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று என்னைத் திட்டுவார்கள்... சொல்லவில்லை. நான் எதையுமே சொல்லாதவள். நான் போகிற வியாழக்கிழமை மாலைக் கதை எழுதும் வகுப்பில்கூட மற்றவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டுவார்கள், நான் நோட்டை மூடிக்கொள்வேன்.

இப்போது பெல்கி கத்துகிறார், "தலைவரே, ஒரே ஓட்டு! திரும்ப எண்ணணும்!" லைல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "டுவைட், விதி உனக்குத் தெரியும். மறுபடி எடுக்கணும்னா ஜெயிச்ச பக்கத்துல நின்ன ஒருத்தர் கேக்கணும். தோத்தவங்க கேட்டா அதுக்கு முடிவே கிடையாது. யாராவது இருக்கீங்களா? இல்லையா? அப்ப இருபத்து மூணாம் எண்ணுக்குப் போறேன், போனா திரும்ப முடியாது." ஜெயித்த பக்கத்தில் நின்ற ஒருத்தர். நாற்பத்தேழு பேரில் கேட்கக் காரணம் உள்ள ஒரே ஆள் நான்தான், கேட்க வேண்டிய ஆளும். கேட்காவிட்டால் என்ன? வாஷிங்டனில் இந்தத் தாளை யார் படிக்கப் போகிறார்கள், ஏதோ ஒரு அலுவலகத்தில் கோப்பில் போடுவார்கள், ரெமி ஒரு நாள் முன்னதாகக்கூட வர மாட்டான். ஆனால் பொய்யாக ஜெயித்த ஒன்றை ரெமிக்கு எப்படிச் சொல்வது, நீ கேட்டது நடந்தது, காபி பொங்கியதால் நடந்தது என்றா? லைல் தாளைப் புரட்டுகிறார், கை ஏன் இவ்வளவு கனக்கிறது, தூக்கிவிட்டேன், தூக்கிவிட்டேனா? "கோலெட் பூஷே," என்கிறார் லைல். "தலைவரே, நான்... பாய்லர் பொங்கிச்சு. அதான் எழுந்தேன். என்னையும் சேத்து எண்ணிட்டாங்க." கூடமே சிரிப்பில் அதிர்ந்தது, பெல்கி நாற்காலியைத் தட்டி, "பாய்லருக்கு ஓட்டுரிமை எப்பக் குடுத்தோம், தலைவரே?" என்றார். ப்ரூடன்ஸ் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் ஒரு மாதம் சுமப்பேன். அப்பா மட்டும் திரும்பவில்லை. சிரித்தாரா? பிடரியில் சிரிப்பு தெரியாது.

"சரி, கதவைச் சாத்துங்க, மறுபடி எண்ணறோம். பாய்லர்கிட்ட யாரும் போகாதீங்க," என்றார் லைல். என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன், நோட்டை மடியில் வைத்தேன், இரண்டு கால்களும் தரையில். எண் 22, உட்கார்ந்திரு. "ஆதரிக்கிறவங்க எழுந்திருங்க." நாற்காலிச் சத்தம். இப்போது உட்கார்ந்திருந்தால் அதையும் எல்லாரும் பார்ப்பார்கள், ஐந்து நிமிடம் முன்பு என் உட்கார்தல் யாருக்கும் தெரியாத ஒன்று, இப்போது அதுவும் எழுந்து நிற்பது போலத்தான், தொண்ணூறு பேர் எண்ணுகிற ஒன்று. தாங்க மாட்டார் என்றான் ரெமி. அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்த்தோமா? கேப்டனுக்கே தெரியல... அந்தச் சத்தமில்லாத குரல்... நின்றுவிட்டேன். மடியிலிருந்த நோட்டு கீழே விழுந்தது, குனிந்து எடுத்தால் உட்கார்ந்ததாகக் கணக்கு வைத்துவிடுவார்களோ என்று எடுக்கவில்லை. இரண்டு விரல்களும் வந்தன, ஒன்று தயங்கியது, "நெசமாவா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டது அதன் சொந்தக்காரம்மா, தலையாட்டினேன். நாற்பத்தேழு. போயிற்று, இனி வீட்டில் மேசை இல்லை, பாகுப் புட்டி இல்லை, நான் அலுவலக மாடியில் படுத்துக்கொள்வேன்...

"எதிர்க்கிறவங்க." பெல்கி எழுந்தார், அவர் வரிசை முழுக்க எழுந்தது, இந்தத் தடவை கண்ணை நான்காவது வரிசையிலேயே வைத்திருந்தேன், தொப்பி நாற்காலிக்குப் போவதைப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று. அப்பாவுக்கு முன்னால் இருந்தவர் எழுந்தார், பின்னால் இருந்தவர் எழுந்தார், அப்பா எழவில்லை. இரண்டு முதுகுகளுக்கு நடுவில் பள்ளம் மாதிரி உட்கார்ந்திருந்தார், தொப்பி முழங்கால்மேல், அதன் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே. பெல்கி பின் வரிசையிலிருந்து குனிந்து, "அர்மான், எழுந்திரு, எண்ணறாங்க," என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. அப்பா, "எண்ணட்டும்," என்றார். விரல்கள் அவரைத் தாண்டிப்போயின. "நாற்பத்தாறு," என்றார் லைல், "ஆதரவு நாற்பத்தேழு, எதிர்ப்பு நாற்பத்தாறு, அதே கணக்கு. பத்து நிமிஷம் போச்சு, காபியும் போச்சு. இருபத்து மூணாம் எண்!" மறுபடியும் சிரிப்பு, நானும் சிரித்தேன், ஏன் என்று தெரியாமல், நெஞ்சுக்குள் இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து மூச்சு தானாக உள்ளே போனது, இந்தக் கூடத்தில் இவ்வளவு காற்று இருந்ததா?

ஆனால் நாற்பத்தாறு... எதிர்ப்பு முதலில் நாற்பத்தாறு, இப்போதும் நாற்பத்தாறு, இப்போது அப்பா அதில் இல்லை, கதவு சாத்தியிருந்தது, நடுவில் யாரும் உள்ளே வரவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்... அப்படியென்றால் முதல் தடவையும் அவர் அதில் இல்லை. நான் நின்றதைப் பார்த்து மனம் மாறவில்லை, எனக்காக விட்டுக்கொடுக்கவும் இல்லை, நான் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறார், இரண்டு தடவையும், என் நோட்டில் எழுதியிருந்த மாதிரியே. மூன்று வாரம் முன்பு அப்படிப் பேசிய மனிதர். நடுவில் என்ன ஆனது? போன வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வந்தேன், தொலைக்காட்சி அணைந்திருந்தது, செய்தி நேரத்தில் அது அணைந்து நான் பார்த்ததே இல்லை, சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னப்பா என்றேன், "பேட்டரி சரியில்ல" என்றார், நானும் நம்பி மாடிக்குப் போய்விட்டேன்.

அப்பா எழுந்து சுவரோரமாக இந்தப் பக்கம் வருகிறார், காகிதக் கோப்பையை எடுத்துப் பாய்லர் குழாயைத் திருப்புகிறார், வெந்நீர் மாதிரி ஏதோ வருகிறது. "இது காபியா?" "பொங்கினதுல மிச்சம்." ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளிக்கவில்லை. "ரெண்டாவது தடவை பாய்லர் பொங்கலையே," என்றார், மேடையைப் பார்த்துக்கொண்டே, அங்கே நிற்கிற தலைவரே நான்தான் என்பது போல. "இல்லப்பா." "ம்." குனிந்து என் நோட்டைத் தரையிலிருந்து எடுத்து, திறக்காமல், முழங்காலில் தட்டித் தூசியை உதறிக் கொடுத்தார். பிறகு நான்காவது வரிசைக்குப் போகவில்லை, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். லைல் நாய் உரிமம் பற்றிப் படிக்கிறார். கேட்கலாமா? ரெமி உங்ககிட்ட பேசினானா என்று? பேசியிருந்தால் அவன் அப்பாவிடம் என்ன சொல்லியிருப்பான், கடைசியில் எதைச் சொல்லி வைத்திருப்பான்... 'கோலெட்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா' என்றா?