மஸ்கட்டிலிருந்து ஓர் ஆர்டர்

2001-இல் காக்ஸ் டவுன் பேக்கரி ஒன்றுக்கு இணையதளம் செய்துகொடுத்த உதயா, அதன் அடியில் தன் பெயரைக் கடைப் பெயரைவிடப் பெரிதாக மின்னவிட்டான். அவன் தெருவிலிருந்து மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன ஜெசிந்தா என்றாவது பார்ப்பாள் என்ற ஆசைதான்.

"கடை என்னுதாடா, உன்னுதா?" என்றார் முதலாளி ஆரோக்கியசாமி.

"உலகமே பாக்கும், அங்கிள்."

உலகம் பார்க்கவில்லை. அவன்தான் தினமும் பிரவுசிங் சென்டரில் திறந்து பார்த்தான்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ஜெசிந்தாவின் மின்மடல் கடைக்கு வந்தது. 'நம்ம ஊர் பிளம் கேக்கை என் கணவருக்குக் கொடுக்கணும். பார்சல் அனுப்புவீங்களா?' மின்னும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உன் விளம்பரம் பலிச்சிருச்சுடா! பதில் போடு!"

'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு' என்று உதயா தட்டத் தொடங்கினான். பிறகு நிமிர்ந்தான்.

"அங்கிள், இதுக்கு மட்டும் முந்திரி கொஞ்சம் தூக்கலா போடுங்க."