அழுகையை நிறுத்திய இரும்பு

மருதையன் ஐந்து மணிக்கு எழுந்தான். கொல்லையில் பல் தேய்த்தான். பழைய சோற்றில் உப்புப் போட்டு நின்றபடியே சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மில்லுக்கு நடந்தான். வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும்தான்.

கேட்டைத் திறந்தான். அரைக்கும் மிஷினின் பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். எண்ணெய் விட்டான். பிறகு, தினமும் போவதுபோல, மில்லின் பின்பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றான். அங்கே கூரையில்லாத நான்கு சுவர்கள் இருந்தன. அதில் ஒன்று பாதிதான். நடுவே கரிந்துபோன செங்கல் மேடை. நெல் அவிக்கும் பாய்லர் அதன்மேல்தான் இருந்தது.

காது கொடுத்துக் கேட்டான். சத்தம் இல்லை. சத்தம் இல்லாமல் இருப்பது அவனுக்குப் பிடிப்பதில்லை. போன ஐப்பசியில் பாய்லர் வெடித்தபோது அவன் மனைவி ராஜாத்தி அதன் எதிரே நின்றிருந்தாள். அவளுக்கு இருபத்து நான்கு வயது.

எட்டு மணி சுமாருக்குப் பஞ்சநதம் சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டு மைல் தள்ளி அவருக்கும் ஒரு சின்ன மில் உண்டு. பெரிய உடம்பு. சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"நம்ம பாய்லரு பத்து நாளா அழுவுது. பொம்பளை அழுவற மாதிரியே. களத்துல ஒரு ஆளு நிக்க மாட்டேங்குது. வைரக்கண்ணு பூசாரியைக் கூட்டியாந்தேன். இது ஒங்க மில்லுல இருந்ததுதானாம். அங்க எடம் இல்லாமப் போயி எங்க மில்லுக்கு வந்துருச்சாம்."

மருதையன் எண்ணெய்க் குவளையின் வாயைத் துடைத்தான்.

"நேத்து சாயங்காலம் கட்டுப் போட்டாரு. பொம்பளைங்க அந்தக் கட்டைத் தொடக் கூடாதாம். ஒங்க வீட்ல தொட்டதாலதான் அப்படி ஆயிருச்சு, 'காளியம்மா, என்னை எடுத்துக்க'ன்னு கத்திக்கிட்டே விழுந்தாங்கன்னு சொல்றாரு. எங்க வீட்ல அகிலாண்டம்தான் அடுப்பு பாக்குறா. அதான், நெசமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு…"

"இப்ப அழுவுதா?"

"ஏது! கட்டுப் போட்டதுலேர்ந்து கப்சிப். காலையில தீ போட்டு ஒன்றரை மணி நேரமாச்சு. மூச்சு விடல."

"தீ எரியுதா இப்ப?"

"எரியுதே. ஏன்?"

மருதையன் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தான். பஞ்சநதத்தின் சைக்கிளைத் திருப்பி ஏறி உட்கார்ந்தான்.

"பின்னாடி ஏறுங்கண்ணே. பேசாதீங்க. ஏறுங்க."

வாய்க்கால் கரை நெடுகச் சைக்கிள் ஓடியது. இருபுறமும் சம்பா நாற்று. காற்றில்லை. ஒரு தாள்கூட அசையவில்லை. மருதையன் மிதித்தான். அவன் நினைக்க விரும்பாததெல்லாம் கூடவே வந்தது.

நில உச்சவரம்பு இறங்கப்போகிறது என்று தெரிந்ததும் அவன் அப்பா பாதி நிலத்தை விற்று, எங்கேயோ கழித்துப் போட்ட பாய்லர் ஒன்றை வாங்கி மில் வைத்தார். மறுவருஷம் கூலித் தகராறு. அறுப்புக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் சிவப்புக் கொடியோடு மில் வாசலில் உட்கார்ந்தார்கள். அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். போலீஸ் வந்தது. தடியடியில் கூட்டம் சிதறியபோது, களத்தில் நெல் கிண்டும் காளியம்மாள் ஓடிவந்து கேட்டைப் பிடித்து உலுக்கினாள். "தம்பி, தொறங்க தம்பி" என்றாள். சாவி மருதையனின் இடுப்பில் இருந்தது. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா தலையசைக்கவில்லை. அவன் திறக்கவில்லை. வாய்க்காலில் அன்று தண்ணீர் கரை முட்டிப் போனது. இரண்டு நாள் கழித்து மதகில் காளியம்மாள் கிடைத்தாள்.

அப்பா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் மருதையனுக்குக் கல்யாணமாயிற்று. ஐப்பசியில் பாய்லர் அழ ஆரம்பித்தது.

முதலில் மெலிதாக, மூக்கால் இழுப்பதுபோல் வரும். பிறகு ஏறும். களத்துப் பெண்கள் உடனே பெயர் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அது அழுகையாகக் கேட்டது. மருதையனுக்கு மட்டும் யாரோ "தம்பி" என்று கூப்பிடுவதுபோல் கேட்டது.

ராஜாத்தி ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். பாய்லரின் தலையில் ஒரு வால்வு. அதை அழுத்திக்கொண்டு ஒரு இரும்புக் கை. கையின் நுனியில் ஒரு குண்டு. உள்ளே ஆவி அளவுக்கு மேல் போனால் வால்வு அந்தக் குண்டையும் தூக்கிக்கொண்டு திறந்து, மிச்ச ஆவியை வெளியே விடும். "அந்த வழியாத்தான் சத்தம் வருதுங்க. ஆனா ஆவி அளவு காட்டுற முள்ளு ஏறவே காணோமே. இது சரியில்ல. தெரிஞ்சவங்க யாராச்சும் பாக்கணும்" என்றாள்.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. பாய்லருக்கு வாங்க வேண்டிய சர்டிபிகேட் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விஷயம் தெரிந்தவன் வந்தால் சீல் வைக்கும்படி ஆகிவிடும். களத்தில் குறுவை நெல் குவிந்து கிடந்தது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவன் இடுப்பில் இருந்தது.

வைரக்கண்ணு பூசாரி வந்தார். காளியம்மாள் கிடைத்த மதகிலிருந்தே ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்தார். முழங்கை நீளம், நுனி வளைந்தது, ஒரு கையால் தூக்க முடியாத கனம். மஞ்சள் துணி சுற்றி அதை வால்வின் கையில், குண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அழுகை நின்றது. எல்லோரும் கும்பிட்டார்கள். முதல் ஆளாகக் கும்பிட்டவன் மருதையன்.

மூன்றாம் நாள் காலை, பூசைச் சாமான் வாங்க அவன் கும்பகோணத்துக்குப் போனான். திரும்பி வரும்போது பஸ்ஸின் ஜன்னல் வழியே கரிந்த உமி உள்ளே விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.

மறுநாள் அதிராம்பட்டினத்திலிருந்து காதர் மைதீன் வந்தார். கப்பல்களில் இருபது வருஷம் பாய்லர் பார்த்தவர். அவர் கையில் ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. ராஜாத்தி ஐந்து நாளைக்கு முன்பே, அவனுக்குச் சொல்லாமல் எழுதிப் போட்டிருக்கிறாள். இடிபாட்டில் அந்த இரும்பைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பஞ்சநதத்தின் மில் வந்தது.

சத்தம் இல்லை. களத்தில் குருவிகள் இல்லை. நெல் ஊறும் தொட்டியில் தண்ணீர், யாரும் தொடாமலே, வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறியது. பாய்லர் கொட்டகைக்குள் அகிலாண்டம் உமித் தட்டோடு நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி. என்ன இப்படி மூச்சு வாங்குது? இவரையா வச்சு மிதிச்சீங்க? வண்டிமாடே இவரை ஏத்துறதுன்னா படுத்துக்குமே."

மருதையன் அண்ணாந்து பார்த்தான். வால்வின் கையில் ஒரு இரும்பு தொங்கியது. துணி புதிது. இரும்பு புதிதல்ல. முழங்கை நீளம். நுனி வளைந்திருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த பக்கம் தீயில் வெந்து நீலம் பாரித்திருந்தது. ஒரு வருஷமாகக் கிடைக்காத இரும்பு அவனைப் பார்த்துக்கொண்டு தொங்கியது.

"அக்கா, உமி போடாதீங்க. தீயை வெளிய இழுங்க."

கொட்டகை வாசலில் பெஞ்சில் இலை போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த வைரக்கண்ணு பூசாரி நிமிர்ந்தார்.

"யாரு, மருதையன் தம்பியா? ஒரு மில்லைத் தின்னது போதாதா ஒனக்கு? தீ அணைஞ்சா அவ எந்திரிச்சிருவா."

"எந்திரிக்கட்டும்."

"தம்பி, அவியல் பாதியில நிக்குது. அத்தனை நெல்லும் நாறிப்போயிருமே" என்றார் பஞ்சநதம். பூசாரியைப் பார்த்தார். மருதையனைப் பார்த்தார். யார் பக்கம் போவதென்று அந்தப் பெரிய உடம்புக்குத் தெரியவில்லை.

"அக்கா, முள்ளைப் பாருங்க. காலையிலேர்ந்து ஏறுச்சா?"

அகிலாண்டம் பார்த்தாள். "இல்ல. அரைக் கொட்டகை உமி போட்டாச்சு. நானும் என்னடா இது, நின்ன எடத்துலயே நிக்குதேன்னு…" அவள் கை தட்டைக் கீழே போட்டது. நீள இரும்புக் கொக்கியை எடுத்து அடுப்புக்குள் விட்டாள்.

"ஏ அகிலாண்டம், பூசாரி சொல்றதைக் கேளு" என்றார் பஞ்சநதம்.

"அவரு அடுப்பு பாத்திருக்காரா? நான் பாத்திருக்கேன். தள்ளுங்க."

மருதையனும் அவளும் சேர்ந்து தணலை இழுத்து வெளியே கொட்டினார்கள். அகிலாண்டம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

"வேணாம்க்கா. பாய்லருக்குள்ளயும் தண்ணி ஏத்த வேணாம். அந்த இரும்பையும் யாரும் தொட வேணாம். தானா ஆறட்டும். எல்லாரும் வாய்க்காலைத் தாண்டிப் போயிருங்க."

களத்து ஆட்கள் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் வாய்க்காலைத் தாண்டியவர், கட்டுப் போட்டவர்தான். பெஞ்சில் பாதி இட்லியோடு இலை கிடந்தது.

எதிர்க்கரையில் நின்றார்கள். கொட்டகை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல். கூரைத் தகரம் ஒருமுறை சிலிர்த்தது. பஞ்சநதம் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். மருதையனின் காதில் "தம்பி" என்று விழுந்தது. அவன் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

முனகல் அடங்கியது. பிறகு இரும்பு குளிரும் சத்தம், டிக், டிக் என்று. வெயில் உச்சிக்கு வந்தது. தொட்டித் தண்ணீர் அசையாமல் வானத்தைக் காட்டியது. அப்போதுதான் ஒரு குருவி களத்தில் இறங்கியது.

அன்றே அதிராம்பட்டினத்துக்குத் தந்தி போயிற்று. மறுநாள் காலை காதர் மைதீன் வந்தார். முள் இருக்கும் குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். சுண்ணாம்புபோல் வெள்ளையாக ஒரு கட்டி விழுந்தது.

"உப்புத் தண்ணி. அடைச்சுப்போச்சு. முள்ளு செத்துப் பத்து நாளுக்கு மேல ஆவுது. வால்வு ஒண்ணுதான் உசுரோட இருந்து கத்திக்கிட்டு இருந்திருக்கு. அது வாயைப் பொத்திட்டீங்களே, முதலாளி."

பஞ்சநதம் தலை குனிந்தார். "பாய், பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தா சீல் வச்சிருவாருன்னுதான்…"

"வைப்பாரு. ஒரு மாசம் வைப்பாரு. அப்புறம் வந்து எடுத்துருவாரு. இந்தா, இது வச்ச சீலை யாரு வந்து எடுப்பா?" இரண்டு கையாலும் தூக்கி அந்த இரும்பைக் களத்தில் போட்டார். சிமெண்டுத் தரை பெயர்ந்தது. "மருதையன் தம்பி, இது அங்க இருந்ததுதானே?"

"ஆமாம் பாய்."

"இன்ஸ்பெக்டர் கையில குடுக்கணும். இன்னொரு மில்லுக்குப் போவக் கூடாது."

பஞ்சநதம் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குத் தானே கடிதம் எழுத உட்கார்ந்தார். அகிலாண்டம் காப்பி கொண்டுவந்து மருதையனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் போகவில்லை.

"தம்பி, கேக்கக் கூடாதுதான். 'காளியம்மா, என்னை எடுத்துக்க'ன்னு ஒங்க வீட்ல கத்தினதா ஊரே பேசுது. அவங்க அப்படியா சொன்னாங்க?"

"இல்லக்கா. அப்ப பக்கத்துல யாருமே இல்ல."

"நீங்க கடைசியா எப்ப பேசுனீங்க?"

ஒரு வருஷமாக இதை அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. நேற்றுத் தந்தி அடித்தபோது, ராஜாத்தி சொன்னதில் ஒன்றை மட்டும் செய்திருந்தான். இன்னொன்றுக்கு மதகைத் தாண்டி, காளியம்மாளின் தெருவுக்குப் போக வேண்டும். இன்று சாயங்காலம் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"அன்னைக்குக் காலையில நான் பையோட கிளம்புறேன். பூசைச் சாமான் வாங்க. கேட்டு வரைக்கும் வந்தா. கை முழுக்க உமி. கோவமா எல்லாம் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னா."

"என்னன்னு?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மருதையன், ராஜாத்தி சொன்ன மாதிரியே, நிதானமாகச் சொன்னான்.

"'காளியம்மாவுக்குப் பதில் சொல்லணும்னா அவ மவன் வீட்டுக்குப் போங்க. பாய்லர் சத்தம் போட்டா பாய்லர் தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க. ரெண்டுக்கும் பயந்துக்கிட்டு, ரெண்டுமே தெரியாத ஆளைக் கூட்டியாராதீங்க.'"