முணுமுணுப்புக்கு வந்த புகார்

போனை ஸ்டாண்டில் நிறுத்திப் பதிவை ஓடவிட்டு, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறக் காத்திருந்தபோது கணினியில் மூன்றாவது பதிப்புரிமைப் புகார் வந்து விழுந்தது. எனக்கு ஈரக்குலை நடுங்கியது, மேசையும் நடுங்கியது, தெருவே நடுங்கியது என்றுகூடச் சொல்வேன், யார் தடுக்கப்போகிறார்கள்? மூன்று புகார் நிலைத்தால் என் வீடியோ சானலையே அழித்துவிடுவார்கள். ரேடியோ மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பாடங்களும் போச்சு. பழைய ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு உலகில் பாதிப் பேர் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். சரி, நாலாயிரம் பேர்.

ரிப்பேரான ரேடியோ பேசுகிறது என்று காட்ட அதைப் பாடவிட்டுத்தானே ஆகவேண்டும்? பதினோரு விநாடி பாடியதற்குத்தான் முதல் இரண்டு புகார்கள். அதனால் போன பாடத்தில் வெறும் செய்தியை வைத்தேன். ஆனால் பற்றவைக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை. முணுமுணுத்திருக்கிறேன். பாட்டைக் கண்டுபிடிக்கும் மெஷின் மோப்பம் பிடித்துச் சொல்ல, அதற்கும் பாட்டுக் கம்பெனி வந்துவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். “நாப்பது வருஷமா நீங்க என்ன பாட்டு பாடுறீங்கன்னு எனக்கே புரியல. அந்த மெஷினுக்கு எப்படிங்க புரிஞ்சுது?”

பயத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு பெருமை தலைநீட்டியதை மறைப்பானேன்.

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் திரையைப் படித்தாள். “அஞ்சு மணிக்குள்ள பதில் அனுப்பணும்ப்பா. அது அந்தப் பாட்டே இல்லன்னு எழுதிடுங்க. அம்மா சாட்சி.”

“அது அந்தப் பாட்டுதாம்மா.”

“அப்ப, பாடம் நடத்தும்போது வந்தது, நியாயமான பயன்பாடுன்னு எழுதணும். ஆன்லைன் பாடத்துக்கும் அதுல எடம் குடுத்து சட்டத்தை மாத்தப்போறாங்க. இன்னும் மாத்தல.”

“எப்ப மாத்துவாங்களாம்?”

“உங்க அஞ்சு மணிக்குள்ள மாத்த மாட்டாங்க.”

மணி நாலே முக்கால். ‘அந்தப் பாட்டு இல்லை’ என்று தட்டினேன். அழித்தேன். வாழ்நாளில் முதன்முறையாக என் சுருதியை ஒருவர் அடையாளம் கண்டிருக்கிறார், அவரிடமே பொய்யா? ‘அந்தப் பாட்டுதான். ஆனால் நான் கற்றுக்கொடுத்தது பாட்டை அல்ல, ரேடியோவை’ என்று எழுதினேன். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஒரு மெல்லிய குரல். அதே மெட்டு. ஒரு இடம்கூடப் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள், புரியவில்லை என்றவள்.

அதுவும் பதிவில் ஏறிவிடுமே என்று கதவைச் சாத்த எழுந்தவன் அப்படியே நின்றேன். ஸ்டாண்டில் போனின் சிவப்புப் புள்ளி இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.